மாடப்புறாவும் மலைப்புறாவும்



புறாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "அதில் எழுத என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்பீர்கள். பள்ளிவாசல் மினாராவில் இருப்பது அதுதான். பதுளைக் கடைத்தெருவின் தகரக் கூரையில் முனகுவதும் அதுதான். உம்ராவோ ஹஜ்ஜோ செய்துவிட்டு வந்த ஹாஜியானிமார் சொல்லும் கதைகளில், ஹரம் ஷரீபுக்கு வெளியே கூட்டமாக வந்திறங்கித் தானியம் பொறுக்குவதும் அதுதான். சாம்பல் நிற உடம்பு, பச்சையும் ஊதாவுமாகப் பளபளக்கும் கழுத்து, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை. மாடப்புறா என்று அதற்குப் பெயர். அதைத் தெரியாத பிள்ளை கிடையாது.

ஆனால் நம் நாட்டில் இன்னொரு புறா இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை, இலங்கையில் மட்டும்தான். இலங்கையிலும் எல்லா இடத்திலும் இல்லை, நம் மலைநாட்டில் மட்டும்தான். இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் வாழ்க்கைப்பட்டு, இந்த மலையிலேயே பேரப்பிள்ளை கண்டவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்? தெமோதரையில் இருந்து கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே கேட்டுப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை!

இலங்கைக் காட்டுப்புறா என்பது புத்தகப் பெயர். சிங்களத்தில் 'மயிலகொயா' என்பார்கள். நமக்குப் புரிய மலைப்புறா என்று சொல்லிக்கொள்வோம். மாடப்புறாவை விடச் சற்றுப் பெரியது. அலகு முனையிலிருந்து வால் நுனி வரை 36 சென்டிமீட்டர் இருக்கும். தலையும் மார்பும் வயிறும் இளம் ஊதா கலந்த சாம்பல். முதுகும் சிறகும் வாலும் கரும்பலகை நிறம். எல்லாவற்றிலும் அழகு அதன் பிடரிதான். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, சதுரங்கப் பலகையை வெட்டி ஒட்டியது போல ஒரு பட்டை! ஸுப்ஹானல்லாஹ்! சிறகில் பட்டை எதுவும் இல்லை. பெண் பறவையின் நிறம் சற்று மங்கல், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பறவைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் ஒரு சீமாட்டி இருக்கிறார். 1847 முதல் 1850 வரை இலங்கையில் ஆளுநராக இருந்தவர் டொரிங்டன் பிரபு. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டு, 1848-இல் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது இராணுவச் சட்டத்தால் அடக்கினாரே, அவரேதான். கடைசியில் அவரைத் திருப்பி அழைத்துக் கொண்டார்கள். இலங்கையிலேயே பிறந்த மருத்துவரான கெலார்ட், பிளைத் என்ற பறவையியலாளருடன் சேர்ந்து 1853-இல் இந்தப் புறாவை உலகத்துக்கு அறிவித்தபோது, டொரிங்டன் சீமாட்டியின் பெயரைச் சூட்டினார்கள். கணவனின் பெயரை மக்கள் கசப்போடு நினைக்கிறார்கள். மனைவியின் பெயரோ ஓர் அழகான பறவையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றுக்கு மரம் தெரியாது, மற்றொன்றுக்குச் சுவர் தெரியாது

இரண்டும் ஒரே குடும்பம், நெருங்கிய சொந்தம். ஆனால் வாழ்க்கை முறையைப் பாருங்கள். மாடப்புறாவின் பூர்வீகம் பாறை. கடலோரக் குன்றுகளிலும் மலை முகடுகளிலும் உள்ள பொந்துகளில் கூடு வைத்து, சமவெளியில் இறங்கித் தானியம் பொறுக்கித் தின்ற பறவை அது. மனிதன் கல்லால் கட்டடம் கட்டத் தொடங்கியபோது, அதன் கண்ணுக்கு அது இன்னொரு பாறையாகத்தான் தெரிந்தது. மினாராவின் விளிம்பு, புகையிரத நிலையத்தின் கூரைச் சட்டம், கடை மாடியின் ஜன்னல் திண்ணை எல்லாமே அதற்குப் பாறைப் பொந்துகள். மரத்தில் உட்காருவது அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. கவனித்துப் பாருங்கள், முற்றத்தில் நல்ல மரம் நின்றாலும் அது கூரையைத்தான் தேடும்.

மலைப்புறாவோ காட்டு மரத்தின் உச்சிக் கிளையை விட்டு இறங்குவது அபூர்வம். அதன் உணவு காட்டுப் பழங்கள். காட்டுக் கருவா போன்ற மரங்கள் எப்போது எங்கே பழுக்கின்றனவோ, அங்கே போகும். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த காடுதான் அதன் வீடு. பழம் தேடிச் சில காலங்களில் அதற்குக் கீழேயும் இறங்குவதுண்டு. நாம் அரிசியை அள்ளி வீசினால் வராது. கூடு கட்டப் பெட்டி வைத்தால் வராது. மனிதன் அதற்குக் கொடுக்கக் கூடியது எதுவும் இல்லை, விட்டு வைக்கக் கூடியது மட்டும்தான் இருக்கிறது.

குடும்பம் நடத்துவதில் இரண்டும் ஒன்று போல. மாடப்புறா சோடி சேர்ந்தால் சேர்ந்ததுதான். ஆண் பறவை குச்சி கொண்டு வந்து கொடுக்க, பெண் பறவை அடுக்கும். பதினேழு, பதினெட்டு நாள் அடைகாத்தல். இரவு முழுவதும் தாய். காலை பத்து மணி வாக்கில் தகப்பன் வந்து மாற்றிக்கொண்டு பிற்பகல் வரை உட்காரும். வீட்டிலுள்ள வாப்பாமார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்! குஞ்சு பொரித்ததும் அல்லாஹ் இந்தப் பறவை இனத்துக்குக் கொடுத்திருக்கும் ஓர் அருட்கொடை தொடங்குகிறது. தாயின் தொண்டைப் பையிலும் தகப்பனின் தொண்டைப் பையிலும் தயிர்க்கட்டி போன்ற ஒரு பால் சுரக்கும். குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் விட்டு அதைக் குடிக்கும். தகப்பனும் பால் கொடுப்பது உலகத்தில் எத்தனை உயிர்களில் உண்டு?

வித்தியாசம் எண்ணிக்கையில் வருகிறது. மாடப்புறா ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். தீனி இருந்தால் வருடத்தில் பல தடவை இடும். ஒரு சோடிக் குஞ்சு பறக்கு முன்பே அடுத்த முட்டை வந்துவிடும். மலைப்புறா இடுவது ஒரே ஒரு வெள்ளை முட்டை. அதுவும் பெரும்பாலும் பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில். அந்த ஒன்றை ஒரு குரங்கோ பாம்போ எடுத்துவிட்டால், அந்த முயற்சி அதோடு போயிற்று. ஒரு மரத்தை இழந்தால் மாடப்புறா அடுத்த கட்டடத்துக்குப் போகும். மலைப்புறா எங்கே போகும்?

நம்மோடு வந்த புறா

மாடப்புறா நம்மோடு இத்தனை நெருக்கமானது சும்மா இல்லை. மனிதன் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்க்கிறான். முஸ்லிம்களின் வரலாற்றிலும் அதற்கு நல்ல இடம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி, சிலுவைப் போர்க் காலத்தில், சிரியாவையும் எகிப்தையும் இணைத்துப் புறாத் தபால் நடத்தினார். அதற்கும் முன்பே ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் அறிஞர் அல்ஜாஹிஸ் தம்முடைய விலங்குகள் பற்றிய பெருநூலில் புறாவுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கினார். பாரசீகத்து இஸ்பஹானில், எச்சத்தை உரமாக எடுத்து முலாம்பழத் தோட்டங்களுக்குப் போடுவதற்காகவே கோட்டை போன்ற புறாக் கோபுரங்களைக் கட்டினார்கள். நம் நாட்டிலும் 1850-களில், தந்திக் கம்பி வருமுன், காலித் துறைமுகத்தில் கப்பல் கொண்டு வந்த செய்திகளைச் 'சிலோன் ஒப்சர்வர்' பத்திரிகை புறாவின் காலில் கட்டித்தான் கொழும்புக்கு அனுப்பியது.

ஹிஜ்ரத்தின்போது தௌர் குகை வாசலில் புறா கூடு கட்டி முட்டையிட்டது என்ற கதையைச் சிறுவயதில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. பறவையிடம் நபி (ஸல்) அவர்கள் காட்டிய இரக்கத்தைச் சொல்ல வேறு அறிவிப்பு இருக்கிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் பிள்ளைகளை எடுத்து இதை வருத்தியது யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் இது இருக்கிறது. அந்தப் பறவை யாருக்கும் சொந்தமானதல்ல, யாரும் வளர்த்ததல்ல. வெறும் காட்டுப் பறவை.

இரண்டு இருப்புப் பாதைத் துண்டுகளும் ஓர் உத்தரவும்

இனி மலைப்புறாவின் கதைக்கு வருவோம். அது ஏன் அபூர்வமானது என்று தெரிய வேண்டுமானால், பதுளையிலிருந்து இருப்புப் பாதை வழியே மனத்தால் ஏறிப் பாருங்கள். பதுளை கடல் மட்டத்திலிருந்து 680 மீட்டர். ஹாலி எல கடந்து தெமோதரை. நிலையத்தின் அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து சுற்றி வரும் வளையப் பாதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பால் ஒன்பது வளைவுப் பாலம். பிறகு எல்ல, ஆயிரம் மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. பண்டாரவளை, தியத்தலாவை, 1,400 மீட்டருக்கு மேல் அப்புத்தளை. இதுவரை வந்த முதல் துண்டில், ஜன்னல் வழியே என்ன தெரியும்? தேயிலை, தேயிலைக்கு நடுவே சவுக்கு மரம், மரக்கறித் தோட்டம், மானாப்புல், பைனஸ், யூக்கலிப்டஸ். பச்சை நிறையத் தெரியும், மலைப்புறா தின்னப் பழம் தெரியாது! பைனஸ் காட்டுக்குள் போய் நின்று பாருங்கள். பறவைச் சத்தம் கூட இருக்காது.

அப்புத்தளையைத் தாண்டி இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல என்று ஏறும் இரண்டாவது துண்டில்தான் உண்மையான காடு வருகிறது. அப்புத்தளைக்குப் பக்கத்தில், பிரித்தானியர் கட்டிய அடிஷம் மாளிகையை ஒட்டித் தங்கமலை சரணாலயம் இருக்கிறது. அதற்கும் மேலே, 1988-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளி. நுவரெலியா பக்கம் ஹக்கல. மலைப்புறாவைப் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தேடிப் போவது இந்த இடங்களுக்குத்தான்.

கீழே இல்லாத காடு மேலே எப்படி மிஞ்சியது? முதலில் கோப்பிக்காகவும், 1869-இல் கோப்பிச் செடியில் இலைநோய் வந்து எல்லாம் அழிந்த பிறகு தேயிலைக்காகவும், துரைமார் மலையை மேல் நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். தமிழகத்திலிருந்து கொண்டு வரப்பட்ட தொழிலாளர்களின் கையாலும் அந்தக் காடு விழுந்தது. அந்தக் கைகளுக்கு அதில் ஒரு பேர்ச் காணி கூடக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. அந்த நேரத்தில் இங்கிலாந்தின் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் ஓர் ஆலோசனை சொன்னார். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டைத் தொடாதீர்கள் என்பதுதான் அது. 1873-இல் அப்படியே உத்தரவும் பிறந்தது. ஐயாயிரம் அடி என்றால் சுமார் 1,500 மீட்டர். மலைப்புறா இன்றைக்கு இருக்கிறது என்றால், அந்த ஒரு கோட்டுக்கு அதில் பெரிய பங்குண்டு. தெமோதரையும் எல்லயும் பண்டாரவளையும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தபடியால் தப்பவில்லை. நம் வாசலிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் நமுனுகுல மலையில், 2,036 மீட்டர் உயர உச்சியில் இன்னும் கறுப்பாகக் காடு நிற்கிறதே, இடுப்புக்குக் கீழே தேயிலையும் தலைக்கு மேலே காடுமாக! அதே கணக்குத்தான்.

மிஞ்சிய காடும் ஒரே துண்டாக இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். இடையே தோட்டங்களும் பட்டணங்களும். இந்த நிலையைப் பார்த்துத்தான், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலைப்புறாவை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

தீவில் வாழும் பறவைக்கு இது புதிய ஆபத்தல்ல. மொரிசியஸ் தீவில் வாழ்ந்த டோடோ என்ற பறக்கத் தெரியாத பெரிய பறவை, புறாக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1598-இல் ஒல்லாந்தர் அங்கே இறங்கினார்கள். நூறு ஆண்டுக்குள் ஒன்று கூட மிச்சமில்லை. அதே தீவின் இளஞ்சிவப்புப் புறாவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. நமக்குத் தேயிலை என்றால் அவர்களுக்குக் கரும்பு. காடு போனது. வெளியிலிருந்து கொண்டு வந்த எலியும் பூனையும் குரங்கும் கூட்டைக் கலைத்தன. வெளியிலிருந்து வந்த புறாக்களோடு வந்த நோயும் தொற்றியது. 1990-ஐ ஒட்டிய காலத்தில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, காட்டில் விட்டு, காவலும் இருந்து, இப்போது அவற்றை நூற்றுக்கணக்கில் ஆக்கியிருக்கிறார்கள். பத்துக்கு வந்த பிறகு தூக்கி நிறுத்த எத்தனை பணம், எத்தனை பேருடைய உழைப்பு! நம்முடையது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அரிசி ஒரு ஸதகா, மரம் ஒரு ஸதகா

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) எல்லோரும் கேட்டிருப்போம். பறவைக்குத் தர்மம் என்றதும் நம் மனதில் வருவது, பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளைகளின் கையால் அரிசி தூவுவதுதான். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நபிமொழியில் வருவது மரம்! நாம் தூவும் அரிசியால் மாடப்புறா பெருகும். அளவுக்கு மிஞ்சித் தூவினால் எலியும் காக்கையும் சேர்ந்து பெருகும். மலைப்புறாவுக்கு ஒரு மணி கூடப் போய்ச் சேராது.

அப்படிப் பெருகிய மாடப்புறாவால் வரும் தொல்லையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டுவது நாம்தான். காய்ந்த எச்சம் தூளாகி மூச்சோடு போனால், சிலருக்கு நெஞ்சுச் சளியும் இழுப்பும் வரும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கடுமையான பூஞ்சண நோய்கூட வரலாம். ஆகவே வரண்ட எச்சத்தை அப்படியே விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பிறகு வழித்தெடுங்கள். கைக்குழந்தையையும் இழுப்பு உள்ளவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கூடு வைக்கும் இடைவெளிகளைக் குஞ்சு இல்லாத நேரம் பார்த்துக் கம்பி வலையால் அடைத்துவிட்டால் தொல்லை குறையும். எச்சம் நஜீஸா என்று கேட்பவர்களுக்கு: நம் ஷாபிஈ மத்ஹபில் நஜீஸ்தான், ஆனால் பள்ளிவாசல் போன்ற இடங்களில் தவிர்க்க முடியாத அளவுக்கு இருந்தால் மன்னிப்பு உண்டு. ஹனபி மத்ஹபில் புறா எச்சம் நஜீஸ் அல்ல. மேலதிக விபரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. சாதாரணம் என்று நாம் நினைக்கும் இந்த மாடப்புறாவின் அசல் காட்டு வம்சமும் நம் நாட்டில் அபூர்வமே. திருகோணமலைக்கு அருகே நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. கடற்பாறையில் கூடு வைக்கும் காட்டுப் புறாக்களால்தான் அதற்கு அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே சூட்டுப் பயிற்சி கூட நடந்திருக்கிறது. 1963-இல் சரணாலயமாகி, 2003-இல் தேசியப் பூங்காவானது. பட்டணத்துப் புறாக்களில் கலந்திருப்பது மனிதன் வளர்த்த புறாக்களின் இரத்தம். கலப்பில்லாத பாறைப் புறாவுக்கும் ஒரு பாறையை விட்டு வைக்கத்தான் வேண்டியிருந்தது.

தோட்டத்துப் பக்கம் வீடு உள்ள சகோதரிகள் செய்யக் கூடியது ஒன்றிரண்டு உண்டு. ஓடைக்கரையிலும் தேயிலை மலையின் மடிப்பிலும் மிஞ்சி நிற்கும் பழைய காட்டு மரங்களை விறகுக்கு வெட்டாமல் விட்டுவிடலாம். சவுக்குக் கிளையும் கவாத்து வெட்டிய தேயிலை மிளாறும் அடுப்புக்குப் போதும். காணி உள்ளவர்கள் வேலியோரம் பைனஸுக்கும் யூக்கலிப்டஸுக்கும் பதிலாக நாவலோ காட்டுக் கருவாவோ நடலாம். மலைப்புறா வராவிட்டாலும் குக்குறுவானும் மைனாவும் வரும், ஸதகாவில் குறையிருக்காது. கவண் தூக்கிக்கொண்டு திரியும் ஆண் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள். புறா இறைச்சி வாதத்துக்கு நல்லது என்று மூத்தம்மாமார் சொல்வதுண்டு. அதுவும் மற்ற இறைச்சி போல ஓர் இறைச்சிதான். வளர்த்த புறாவை முறைப்படி அறுத்துச் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. மலைப்புறாவைச் சுடுவதும் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம்.

மேல் மலைகளில் இருப்பவர்கள், அல்லது அப்புத்தளை, ஒஹிய பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள், காட்டோரமாக நடக்கும்போது பிடரியைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் தெரிந்தால் அதுதான். திடீரென்று கிளம்பினால் சிறகை அடித்துக்கொண்டு மரங்களுக்கிடையே வேகமாக வளைந்து போய்விடும், கண்ணுக்குப் பிடிபடாது. பெரும்பாலான காலம் சத்தமே போடாது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆழ்ந்த குரலில், ஆந்தை கூப்பிடுவது போல, "ஹூ..." என்று ஒன்று. பெப்ரவரி, மார்ச் மாதத்தில் நல்ல பகல் வெளிச்சத்தில் காட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டால், ஆந்தை என்று பயந்து பிள்ளைகளை உள்ளே கூப்பிடாதீர்கள். வெளியே கூப்பிடுங்கள்.